காற்று இலவசம்

அக்கா மகள் ஓஹியோவில் இருக்கிறாள். போன தையில் ஊருக்கு வந்தபோது, "மாமா, உங்களுக்குன்னே வாங்கினேன்" என்று ஓர் உறையைக் கொடுத்தாள். உள்ளே தபால் அட்டை அளவில் ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படம். அங்கே பழம்பொருள் கடைகளில் இப்படிப்பட்ட அட்டைகளைச் செருப்புப் பெட்டிகளில் அடுக்கி வைத்திருப்பார்களாம். விலை இரண்டு டாலர். யாருடைய தாத்தாவோ, யாருடைய கடையோ. படத்தில் இருந்தது ஒரு டயர் கடை. நான் டயர் கடையில் வளர்ந்தவன் என்பதை அவள் மறக்கவில்லை.

செங்கல் கட்டடம். அகலமான இரட்டை மரக்கதவு விரியத் திறந்திருக்கிறது. வாசலுக்கு மேலே ஒரு கம்பியில் டயர் ஒன்று தொங்குகிறது. இடப்பக்கச் சுவரில் 'காற்று இலவசம்' என்று ஆங்கிலத்தில் பெரிதாக எழுதி, கீழே ஓர் அம்புக்குறி போட்டிருக்கிறார்கள். வாசலில் ஐந்து ஆண்கள், ஒரு சிறுவன். ஒருவர் மட்டும் கழுத்தில் டை கட்டியிருக்கிறார். முதலாளியாக இருக்க வேண்டும். மற்ற நால்வரும் சட்டையை முழங்கைவரை சுருட்டியவர்கள். வலது ஓரத்தில் ஒரு கார் நிற்கிறது. இடது ஓரத்தில், படம் பிடித்தவர் கவனிக்காமல் விட்ட ஒரு குதிரையின் பின்பாதி.

சிறுவன் ஒரு டயரைத் தோளில் மாட்டிக்கொண்டு, கண்ணைச் சொருகினாற்போல வைத்துக்கொண்டு நிற்கிறான். முதலில் இது எனக்கு விளங்கவில்லை. பூதக்கண்ணாடியை எடுத்து வந்து பார்த்தபோது, கதவின் உட்பக்கம் ஒட்டியிருந்த விளம்பரத் தாள் கண்ணில் பட்டது. இரவு உடுப்பில் ஒரு பையன், ஒரு கையில் மெழுகுவத்தி, தோளில் டயர், வாயில் கொட்டாவி. ஃபிஸ்க் டயர் நிறுவனத்தின் விளம்பரம் அது. படுக்கப் போகும் நேரம் என்பதற்கும் டயர் மாற்றும் நேரம் என்பதற்கும் ஆங்கிலத்தில் ஒரே ஒலி. அந்தச் சிலேடையை வைத்தே அந்த நிறுவனம் பல ஆண்டுகள் பிழைத்தது. கடைப் பையன் விளம்பரப் பையனைப் போல நடித்துக் காட்டியிருக்கிறான். பக்கத்தில் நிற்கும் பெரியவரின் உதட்டோரம் சிரிப்பு தெரிகிறது.

அட்டையின் பின்பக்கம் பெயரில்லை, ஊரில்லை, தேதியில்லை. அஞ்சலில் போனதற்கான முத்திரையும் இல்லை. ஆனால் தபால்தலை ஒட்ட வேண்டிய கட்டத்தைச் சுற்றி 'அசோ' என்ற பெயரும், நான்கு மூலையிலும் மேல்நோக்கிய சிறு முக்கோணங்களும் இருக்கின்றன. அசோ என்பது கோடாக் நிறுவனம் விற்ற புகைப்படத் தாளின் பெயர். நான்கு முக்கோணமும் மேலே பார்த்திருந்தால் அது 1904-க்கும் 1918-க்கும் இடைப்பட்ட தாள் என்பது சேகரிப்பாளர்களின் கணக்கு. நடுவே கோடு போட்டு, ஒரு பாதி சேதிக்கும் மறுபாதி முகவரிக்கும் ஒதுக்கியிருக்கிறது. அமெரிக்க அஞ்சல் துறை அதற்கு அனுமதி தந்தது 1907 மார்ச்சில். ஆக, 1907-க்குப் பின், ஏறத்தாழ 1918-க்குள்.

மிச்சத்தை டயர்களே சொல்லிவிடுகின்றன. கடைக்குள் ஆணியில் மாட்டியிருக்கும் டயர்களில் சில வெளிறியவை, சில கறுத்தவை. வெளிச்சக் கோளாறு என்றுதான் முதலில் நினைத்தேன். அப்படியில்லை. ரப்பர் பால் வெள்ளை; அதிலிருந்து செய்த டயரும் தொடக்கத்தில் வெளிறித்தான் இருந்தது. துத்தநாக ஆக்சைடு கலப்பதால் இன்னும் வெளுக்கும். மிஷ்லின் நிறுவனத்தின் டயர் மனிதன் 1898-இல் பிறந்தபோது வெள்ளையாக இருந்ததும் இன்றுவரை வெள்ளையாகவே இருப்பதும் அந்தக் காலத்து நிறத்தினால்தான். 1904 வாக்கில் லண்டன் சில்வர்டவுனில் ஒரு ரப்பர் ஆலையில், கரித்தூள் சேர்த்தால் ரப்பர் பல மடங்கு உறுதியாகிறது என்று கண்டுபிடித்தார்கள். விளக்குச் சுடரில் தட்டைக் கவிழ்த்துக் கண்மைக்குப் புகைக்கரி பிடிப்போமே, அந்த இனம்தான் இதுவும். அமெரிக்காவில் குட்ரிச் நிறுவனம் 1912-இல் அதைக் கைக்கொண்டது. பிறகு ஒவ்வொருவராக மாறினார்கள். இரண்டு நிறமும் ஒரே சுவரில் தொங்குகிறதென்றால், பழையது விற்றுத் தீராத, புதியது வந்து சேர்ந்துவிட்ட காலம் அது.

காரையும் பார்த்தேன். ஃபோர்டு மாடல் டி. முன்னால் ரேடியேட்டர் பளபளக்கிறது, பித்தளை. 1917 மாடலிலிருந்து ஃபோர்டு பித்தளையை விட்டுவிட்டுக் கறுப்பு மூடிக்கு வந்துவிட்டார். எனவே இந்த வண்டி 1916-க்குப் பிந்தியதாக இருக்க முடியாது. படம் 1914-க்கும் 1917-க்கும் இடையில் எடுத்தது என்று தைரியமாகச் சொல்வேன். இன்று இந்தக் கஷ்டமெல்லாம் வேண்டாம். 2000-க்குப் பின் வந்த எந்த டயரின் பக்கவாட்டிலும் கடைசியாக நான்கு இலக்கங்கள் இருக்கும். 2319 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-வது வாரத்தில் வார்த்த டயர். பிறந்த தேதியை உடம்பில் எழுதிக்கொண்டே வருகிறது.

குதிரைக்கு வருவோம். 1900-இல் அமெரிக்கா முழுவதற்கும் கார்கள் 8,000. 1910-இல் நாலரை லட்சம். 1920-இல் 80 லட்சத்தைத் தாண்டிவிட்டது. இந்தப் படம் அந்த இடைவெளியில் நடந்த ஓட்டத்தின் நடுவில் எடுத்தது. குதிரை இன்னும் போய்விடவில்லை. கார் இன்னும் முழுதாக வந்துவிடவில்லை. அந்தக் காலத்து டயர்களைக் குத்தியவற்றில் முக்கியமானது குதிரை லாடத்திலிருந்து கழன்று விழுந்த ஆணி. போகிற போக்கில் குதிரை தன்னை விரட்டியடித்த வண்டியின் காலில் ஆணி தைத்துவிட்டுப் போயிருக்கிறது. கடைக்காரருக்கு இரண்டு பக்கமும் வரும்படி.

அந்த நால்வரின் வேலை என்னவென்று எனக்குத் தெரியும். மாடல் டி வண்டியின் சக்கரத்தை இன்றுபோல நட்டுகளைத் திருகி டயரோடு கழற்றிவிட முடியாது. மர ஆரக்கால் சக்கரம் வண்டியிலேயே இருக்கும். டயரை மட்டும் நெம்பி எடுக்க வேண்டும். டயரின் ஓரம் கொக்கிபோல வளைந்து, இரும்பு விளிம்புக்குள் செருகி நிற்கும். உள்ளே 60 பவுண்டு அளவில் காற்று இருக்கும்வரை அந்தப் பிடி விடாது. காற்றை இறக்கி, இரண்டு மூன்று லிவர்களை வரிசையாகச் செருகி, ஒன்றைக் காலால் மிதித்துக்கொண்டு அடுத்ததை நெம்ப வேண்டும். கை தவறினால் லிவர் திரும்பி முகத்தில் அடிக்கும். முன்சக்கரத்துக்கு 30-க்கு 3 அங்குலம், பின்சக்கரத்துக்கு 30-க்கு 3½ என்று இரண்டு அளவுகள் வேறு; ஒன்று மற்றதற்கு ஆகாது. விளிம்போடு கழற்றும் வசதியை ஃபோர்டு கொடுத்தது 1919-இல்தான், அதுவும் தனிக் காசுக்கு. வழியில் பஞ்சர் ஆனால் ஓட்டுகிறவரே சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்து ஒட்டினார். ஒட்டத் தெரியாதவர் கார் வைத்துக்கொள்ள முடியாது.

நெம்பி எடுக்கும் அந்த வேலையை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. திண்டுக்கல்-மதுரை சாலையில் அம்மையநாயக்கனூர்ப் பக்கம் எங்கள் பெரியப்பா வல்கனைசிங் கடை வைத்திருந்தார். 1970-களில் பள்ளி விடுமுறை முழுக்க எனக்கு அங்கேதான். வாசல் வேப்பமரத்தில் ஒரு பழைய டயரைத் தொங்கவிட்டு, அதில் சுண்ணாம்பால் 'பஞ்சர்' என்று எழுதியிருப்பார். இரவில் அதன் நடுவில் ஒரு குண்டு பல்ப் எரியும். அமெரிக்காவில் யாரோ ஒருவர் வாசலில் தொங்கவிட்ட டயருக்கும் இதற்கும் இடையில் அறுபது ஆண்டும் இரண்டு கடலும் இருக்கின்றன. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை. வேலை மட்டும் ஒன்றாகவே இருந்தது.

லாரி டயரைக் கழற்றி டியூபை உருவி எடுத்துக் காற்று ஏற்றுவார். தொட்டித் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாக முக்கித் திருப்புவார். குமிழி வருமிடம் ஓட்டை. குமிழி வராத நுண்ணிய கசிவென்றால் டியூபைக் கன்னத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோவார். "காத்து பேசும்டா. சும்மா இரு, கேக்கும்" என்பார். எனக்குக் கேட்டதில்லை. கண்ட இடத்தில் காப்பியிங் பென்சிலால் ஒரு வட்டம். அரத்தால் சொரசொரப்பாகத் தேய்த்து, சொல்யூஷன் தடவி, அது ஒட்டாமல் ஒட்டும் பதம் வரும்வரை பீடி ஒன்று. பிறகு பச்சை ரப்பர்த் துண்டை வைத்து, திருகு அச்சில் இறுக்கிச் சூடேற்ற வேண்டும். ரப்பரும் கந்தகமும் சூட்டில் சேர்ந்தால் பிசுபிசுப்பு போய் உறுதி வரும் என்று 1839-இல் கண்டவர் சார்லஸ் குட்இயர். அவர் 1860-இல் கடனாளியாகச் செத்தார். அவர் பெயரைத் தாங்கிய நிறுவனம் 1898-இல் வேறு ஒருவர் தொடங்கியது. அவர் குடும்பத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பெரியப்பாவுக்கு இந்தக் கதை எதுவும் தெரியாது. எத்தனை நிமிஷத்தில் அச்சைத் திறக்க வேண்டும் என்பது மட்டும் கடிகாரம் பார்க்காமல் தெரியும். மோந்து பார்த்துச் சொல்வார்.

அவருடைய இடது சுட்டுவிரலில் மேல் கணு கிடையாது. லாரிச் சக்கரத்தில் டயரை வெளியே வராமல் பிடித்திருக்கும் இரும்பு லாக் ரிங் சரியாக உட்காரவில்லையென்றால், காற்று ஏறும்போது தெறித்துவிடும். ஆளையே கொன்றுவிடும். அதனால் சக்கரத்தைக் கவிழ்த்துப் போட்டு, சங்கிலி சுற்றி, எங்களையெல்லாம் வேப்பமரத்துக்குப் பின்னால் விரட்டிவிட்டுத்தான் காற்றுக் குழாயை மாட்டுவார். படத்தில் இருக்கும் நான்கு தொழிலாளிகளில் ஒருவர் ஒரு கையைக் காற்சட்டைப் பையில் விட்டிருக்கிறார். சும்மா கூட விட்டிருக்கலாம். நான்தான் அந்தக் கையைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

பணக் கணக்கைச் சொல்லாமல் விட்டால் அந்தக் காலம் விளங்காது. 1916 ஆகஸ்டில் மாடல் டி டூரிங் காரின் விலை 360 டாலர். டயர் ஒன்று பத்து டாலரிலிருந்து பதினைந்து. அது ஓடியது மூவாயிரம், நாலாயிரம் மைல். மிஞ்சினால் ஆறாயிரத்து நானூறு கிலோமீட்டர். நான்கு டயரையும் மூன்று முறை மாற்றினால் காரின் விலையில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதிவரை போய்விடும், ஓடிய தூரமோ இருபதாயிரம் கிலோமீட்டரை எட்டாது. அதே காலத்தில் ஃபோர்டு தன் தொழிலாளிக்குக் கொடுத்த நாட்கூலி 5 டாலர். அதை உலகமே அதிசயமாகப் பேசியது. அந்த அதிசயக் கூலியில் இரண்டு மூன்று நாள் ஒரு டயருக்குப் போனது. இன்று என் சின்னக் காருக்கு டயர் ஒன்று நாலாயிரத்து ஐந்நூறு ரூபாய். கொத்தனார் கூலியில் நாலைந்து நாள். நாள் கணக்கில் பார்த்தால் டயர் மலிவாகிவிடவில்லை. ஆனால் இது நாற்பதாயிரம், ஐம்பதாயிரம் கிலோமீட்டர் ஓடுகிறது. மாற்றம் முழுக்க அந்தத் தூரத்தில் இருக்கிறது.

இனி படத்தில் இல்லாதவர்களைப் பற்றி. அந்தக் கடைச் சுவரில் தொங்கும் ரப்பரில் ஒரு பங்கு எங்கிருந்து வந்திருக்கும் என்பதை ஊகிக்கத் தேவையில்லை. 1876-இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து லண்டனுக்குக் கொண்டுபோன விதைகளின் வழித்தோன்றல்கள் மலாயாவில் வேர்விட்டன. 1910-இல் ரப்பர் விலை பவுண்டுக்கு 12 ஷில்லிங்கைத் தாண்டியது. காட்டைத் திருத்தித் திருத்தித் தோட்டம் போட்டார்கள். 1913 வாக்கில் தோட்டத்து ரப்பர் பிரேசில் காட்டு ரப்பரை முந்திவிட்டது. 1920-இல் உலக ரப்பரில் பாதியளவு மலாயாவில் விளைந்தது, அதை வாங்கியதில் முதல் ஆள் அமெரிக்க டயர் ஆலை. தோட்டத்தில் வேலை செய்ய ஆள் போனது நம் ஊர்களிலிருந்து. கங்காணி வந்து பெயர் எழுதி, நாகப்பட்டினத்தில் கப்பலேற்றிப் பினாங்கில் இறக்கிய ஆட்கள்.

பெரியப்பாவின் அம்மாவுக்கு ஓர் அண்ணன். கித்தாக் காட்டுக்குப் போனவர் என்றுதான் வீட்டில் சொல்வார்கள். மலாய்ச் சொல்லான கித்தா எங்கள் வீட்டுக்குள் வந்ததும் அவர் வழியாகத்தான். விடிவதற்குள் பெரட்டுக்குப் போய் நின்று பேர் கொடுத்துவிட்டு, வெயில் ஏறுவதற்கு முன் பால்மரங்களைச் சீவி முடிக்க வேண்டும். சூடேறினால் பால் நின்றுவிடும். பட்டையில் சரிவாக ஒரு மெல்லிய கீற்று. உளி கொஞ்சம் ஆழப் போனால் மரம் கெடும், கூலி வெட்டு விழும். மங்கில் சொட்டிய பாலைச் சேர்த்து, அமிலம் விட்டு உறையவைத்து, உருளையில் கொடுத்துத் தகடாக்கிப் புகை போட வேண்டும். அப்படிப் புகை போட்ட தகடு ஒன்று மாதக்கணக்கில் கடலில் போய், ஆக்ரன் நகர ஆலை ஒன்றில் டயராகி, இந்தப் படத்துப் பையனின் தோளில் ஏறியிருக்கக்கூடும். பாட்டியின் அண்ணன் கார் ஏறியதில்லை. திரும்பியும் வரவில்லை.

ஆக்ரன் இருப்பதும் ஓஹியோவில்தான், அக்கா மகள் வீட்டிலிருந்து ஒரு மணி நேரக் கார்ப் பயணம். குட்ரிச், குட்இயர், ஃபயர்ஸ்டோன் மூன்றும் அந்த ஒரே ஊரைச் சேர்ந்தவை. 1910-இல் அதன் மக்கள்தொகை 69,067. பத்தே ஆண்டில் 2,08,435. படுக்க இடமில்லாமல் ஒரே கட்டிலை இரவு ஷிப்டும் பகல் ஷிப்டும் மாறி மாறி வாடகைக்கு எடுத்த ஊர். 2020 கணக்கெடுப்பில் அங்கே 1,90,469 பேர். நூறாண்டுக்கு முன் இருந்ததைவிடக் குறைவு. நூல் அடுக்குகளைக் குறுக்காகப் பின்னாமல் நேராகப் போட்டுச் செய்த ரேடியல் டயருக்கு மிஷ்லின் 1946-இல் காப்புரிமை கோரியது. இரண்டு மடங்கு ஓடும் அந்த டயருக்கு அமெரிக்க ஆலைகள் தாமதமாக மாறின. மாறியபோது புதிய ஆலைகளை வேறு ஊர்களில் கட்டின. ஃபயர்ஸ்டோன் 1988-இல் ஜப்பானின் பிரிட்ஜ்ஸ்டோனிடம் போனது. குட்ரிச் டயர் இன்று மிஷ்லினுடையது. குட்இயர் மட்டும் தலைமையகத்தை அங்கேயே வைத்திருக்கிறது.

அதே மாநிலத்தின் மான்ஸ்ஃபீல்டு நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்துதான் 1961-இல் மெட்ராஸ் ரப்பர் ஃபேக்டரி டயர் செய்யத் தொடங்கியது. 1946-இல் திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் விளையாட்டு பலூன் செய்த நிறுவனம் அது. 1952-இல் தேய்ந்த டயருக்கு மேல்பட்டன் போடும் ரப்பருக்கு வந்தது. ரீபட்டன் போடாமல் லாரிக்காரர் யாரும் டயரைத் தூக்கிப் போட்டதில்லை என்பதால் சந்தைக்குக் குறைவில்லை. இன்று மான்ஸ்ஃபீல்டு இல்லை. திருவொற்றியூர் ஆலை இருக்கிறது. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், தேர்வாய் கண்டிகை, அரக்கோணம் என்று சென்னையைச் சுற்றி டயர் ஆலைகள் வளைத்துக்கொண்டு நிற்கின்றன. ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஷிப்டு மாறும் நேரத்தில் நிற்கும் பேருந்து வரிசையைப் பார்க்கும்போது அந்தக் கட்டில் கதை நினைவுக்கு வரும்.

போன மாதம் டயர் மாற்றப் போனேன். தாம்பரம்-வேளச்சேரி சாலையில் கண்ணாடி போட்ட கடை. குளிர்ந்த அறையில் சோபா, காப்பி மெஷின். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சீருடைப் பையன்கள் இரண்டு பேர். வண்டியை லிஃப்ட் தூக்கியது. சக்கரத்தை மெஷினில் படுக்கவைத்து, மிதியை அமுக்கியதும் இரும்புக் கை ஒன்று இறங்கி ஒரு சுற்றுச் சுற்றியது, டயர் கழன்றுவிட்டது. ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. புது டயரைப் பேலன்சிங் மெஷினில் சுழற்றியதும் திரையில் 15 என்றும் 25 என்றும் எண்கள் வந்தன. பையன் அத்தனை கிராம் எடையைச் சக்கர விளிம்பில் தட்டினான். யாரும் மோந்து பார்க்கவில்லை, காது வைக்கவில்லை. விரல்கள் பத்தும் முழுசாக இருந்தன. இது சின்ன விஷயமில்லை. பெரியப்பா இதைப் பார்த்திருந்தால் மற்ற எதையும்விட இதற்குத்தான் சந்தோஷப்பட்டிருப்பார்.

"டியூப் போட்ட வண்டி வருதா தம்பி?" என்று கேட்டேன்.

"கார்லயா? எங்க சார் வருது. நான் சேர்ந்து மூணு வருஷம் ஆச்சு, ரெண்டு வண்டி பார்த்திருப்பேன்."

டியூப் இல்லாத டயரை குட்ரிச் அறிவித்தது 1947-இல். அதில் ஆணி தைத்தாலும் காற்று மெல்லத்தான் இறங்கும். ஆணியைப் பிடுங்கி, பசை தோய்த்த ரப்பர்த் திரியை ஊசியால் ஓட்டைக்குள் குத்தி, நீட்டிக்கொண்டிருப்பதை பிளேடால் வெட்டிவிட்டால் முடிந்தது. சக்கரத்தைக் கழற்றக்கூட வேண்டாம். பத்து நிமிஷ வேலை. பெரியப்பாவின் அரம், திருகு அச்சு, பதம் பார்க்கும் பீடி எல்லாம் அந்தத் திரியோடு முடிந்துபோயின. டயரின் உட்புறம் எப்படி இருக்கும் என்று பார்க்காமலே ஒருவர் இருபது வருஷம் கார் ஓட்டிவிட முடிகிறது. 1916-இல் அப்படி ஒருவரும் இருந்திருக்க முடியாது.

பில்லில் ஒரு வரி: நைட்ரஜன், நான்கு சக்கரத்துக்கு நூற்றிருபது ரூபாய். சாதாரணக் காற்றில் ஐந்தில் நான்கு பங்கு ஏற்கெனவே நைட்ரஜன்தான். அந்த மிச்ச ஒரு பங்குக்காகக் கொடுத்த பணம் என்று வைத்துக்கொண்டேன். அட்டையில் உள்ள கடைக்காரர் சுவரில் எழுதி வைத்திருந்ததைப் பையனிடம் சொல்லலாமா என்று தோன்றியது, சொல்லவில்லை.

பையன் பின்கதவைத் திறந்து தரைவிரிப்பைத் தூக்கிப் பார்த்தான். "ஸ்டெப்னி எங்க சார்?"

"வண்டியோட வரலப்பா."

2020 ஜூலையில் மத்திய அரசு விதியை மாற்றியது. டியூப் இல்லாத டயரும், காற்றழுத்தத்தைக் காட்டும் கருவியும், ஒட்டும் மருந்துப் பெட்டியும் இருந்தால் காரில் ஸ்டெப்னி கட்டாயமில்லை. ஆகவே குழி இருக்கிறது, சக்கரம் இல்லை. அந்த இடத்தில் ஒரு குடையும் கால் மூட்டை சின்ன வெங்காயமும். ஸ்டெப்னி என்பதை நாம் ஏதோ இயந்திரச் சொல் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது ஒரு தெருவின் பெயர். வேல்ஸ் நாட்டில் லனெத்லி என்ற ஊரில் ஸ்டெப்னி தெருவில் டேவிஸ் சகோதரர்கள் 1904-இல் மாற்றுச் சக்கரம் விற்கத் தொடங்கினார்கள். அவர்கள் நிறுவனம் மறைந்து எவ்வளவோ காலமாகிவிட்டது. இங்கிலாந்தில் இன்று ஸ்டெப்னி என்றால் எத்தனை பேருக்குப் புரியுமோ. நம் ஊரில் ஆட்டோ ஓட்டுநருக்கும் புரியும், லாரி கிளீனருக்கும் புரியும். படத்தில் உள்ள மாடல் டி-யிலும் மாற்றுச் சக்கரம் இல்லை. அன்று கையில் ஒட்டுப்பெட்டியோடு கிளம்பினார்கள். நூறாண்டு கழித்து நானும் ஒட்டுப்பெட்டியோடுதான் கிளம்புகிறேன். அவர்களுக்கு ஒட்டத் தெரிந்திருந்தது.

அட்டையைச் சட்டம் போட்டு மேசைக்கு மேல் மாட்டிவிட்டேன். நீங்கள் ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் வண்டியில் ஸ்டெப்னி இருந்தால், அடுத்த முறை காற்று பிடிக்கும்போது அதையும் வெளியே எடுத்துப் பாருங்கள். பக்கவாட்டில் அந்த நான்கு இலக்கம் எந்த ஆண்டைச் சொல்கிறது என்று பாருங்கள். காற்று பெரும்பாலும் இருக்காது.